தலை குனிந்தால் மூச்சைப் பிடிக்கும் ஊர்

பொது அலுவலகம் ஒன்றுக்கு வந்து சேரும் எந்தக் கடிதத்துக்கும் குறித்த நாட்களுக்குள் பதில் அனுப்பப்பட வேண்டும். முழுப் பதில் தர முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றாவது அறிவிக்க வேண்டும். இது சுற்றறிக்கை. இலக்கத்தை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதற்குப் பிறகு வந்த திருத்தத்தைச் சுட்டிக்காட்டி யாராவது ஓய்வுபெற்றவர் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் போடுவார். அதற்கும் நான் பதில் எழுத வேண்டிவரும்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சுற்றறிக்கையைப் பிறருக்கு வாசித்துக் காட்டியவன் நான். விண்ணப்பதாரராக அதன் நிழலில் நானே போய் நின்றது ஒரு தடவைதான். அந்தத் தடவை அது வேலை செய்யவில்லை.

அதை விடுங்கள். காசிம் நானா நிமிரவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒருவர் மட்டும் கீழே

கற்பிட்டிப் பக்கத்து எத்தாளைக் கடற்கரை. சுபஹுத் தொழுகை முடிந்து, வெயில் இன்னும் சூடேறாத நேரம். தென்னைகளுக்குக் கீழே ஈர மணலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்பது கிழவர்கள் வரிசையாக நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் டொக்டர் சந்தமாலி. சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண்பிள்ளை, சுதேச வைத்தியம் படித்தவர், எங்கள் பக்கத்துக் கிளினிக்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழ் கதைப்பார், இலக்கணம் முன்பின்னாக வரும், விஷயம் பிழைக்காது.

"கையை மேல கொண்டு போங்க. மூச்சு உள்ள. இப்ப மெதுவா குனிங்க. மூச்சு வெளிய."

குனிந்தோம். அவர் ஐந்து வரை எண்ணினார். நிமிரச் சொன்னார். எட்டுப் பேர் நிமிர்ந்தோம்.

காசிம் நானா கைகள் மணலைத் தொட, தலை முழங்காலுக்குக் கீழே தொங்க, அப்படியே இருந்தார். கடலில் முப்பது வருடம் சங்கு குளித்த மனிதர். காற்றுப் போத்தல் வருமுன் வெறும் மூச்சோடு இறங்கியவர்களில் எங்கள் ஊரில் மிஞ்சியவர் மூவர். அதில் மூத்தவர் அவர்.

"மாமா, மேல வாங்க," என்றார் டொக்டர்.

டொக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"மாமா?"

பிடரி சிவந்து, காது சிவந்து, கழுத்து நரம்பு கயிறுபோல் தெரிந்தது. டொக்டர் ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றவரிடம் முச்சக்கர வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது காசிம் நானா ஆறுதலாக நிமிர்ந்தார். வாயைக் குவித்து ஒரு நீளமான மூச்சை விசில்போல வெளியே விட்டார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன மகள், எண்ணி முடிச்சாச்சா? நான் இன்னும் கொஞ்சம் இருந்திருப்பன்."

மற்ற இரண்டு சங்குக்காரரும் அவரை விட்டுவிட்டு முன்னதாக மேலே வந்ததற்காகத் தலை குனிந்துகொண்டார்கள். டொக்டர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் நான் அங்கே நின்றேன்

எனக்கு மூச்சு வாங்கும். ஓய்வுபெற்ற மறுவருடம் தொடங்கியது. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று, யாருடைய மதிலையாவது பார்ப்பதுபோல் பாசாங்கு செய்யவேண்டும். எங்கள் தெருவில் எந்த மதில் எப்போது வெள்ளை அடித்தது என்று என்னிடம் கேட்கலாம்.

அந்த வருடம் ஹஜ் பட்டியலில் எங்கள் இருவருடைய பெயரும் வந்தன. என் மனைவி ரசீனா அதற்காகக் காத்திருந்த காலத்தை நான் சொல்லத் தேவையில்லை. அவளே சந்திக்கிற எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அரச வைத்தியசாலையில் ஒரு பெரிய டொக்டர், நல்ல மனிதர், என்னை நடையோடையின் ஒரு முனையில் நிறுத்தினார்.

"அந்தக் கடைசிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. நிக்காமல். என்னோட கதைச்சுக்கொண்டு."

நான் மூன்று தடவை நின்றேன். மூன்றாவது தடவை அங்கே பார்க்க மதிலும் இல்லை.

"மூன்று மாதம் தாறன்," என்றார். "மருந்து இருக்கட்டும். மூச்சுப் பயிற்சி செய்யுங்க, யோகா வகுப்பு ஏதும் இருந்தா போங்க. திரும்பி வந்து இதே நடை நடந்து காட்டினால் ஒப்பம் வைப்பன். இல்லாட்டி இந்த வருசம் இல்லை."

வீட்டுக்குப் பஸ் ஏறினோம். பஸ் பாலாவிச் சந்தியில் லொறிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றது. ரசீனா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போகாட்டி நானும் போக ஏலாது. தெரியும்தானே."

தெரியும். மஹ்ரம், அதாவது கணவன் அல்லது நெருங்கிய இரத்த உறவு ஆண், துணைக்கு இல்லாமல் அவள் போகமாட்டாள். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவளுடைய ஹஜ் என்னுடைய நெஞ்சுக்குள் இருந்தது.

முறைப்படி

டொக்டர் சந்தமாலி வகுப்பு நடத்தத் தயாராக இருந்தார். பொதுமண்டபம் காலை நேரத்தில் பூட்டித்தான் கிடக்கும். மண்டபத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் ஆகவேண்டிய காரியங்கள் இருக்கின்றன.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த கடிதங்களில் ஒன்று. தலைப்பு, தொடர்பு இலக்கம், நான்கு பந்தி, இரண்டு இணைப்பு, பங்குபற்றுவோர் பட்டியல், டொக்டரின் சம்மதக் கடிதத்தின் உறுதிப்படுத்திய பிரதி. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மண்டபத்தின் திறப்பை வைத்திருந்தவர் என்னோடு ஒரு காலத்தில் வேலை செய்தவர். விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார்.

"சேர், கடிதம் கிடிதம் எதுக்கு? காலைல தொறந்து விடுறன். முடிச்சுட்டுப் பூட்டிட்டுப் போங்க."

"எழுத்தில் அனுமதி வரட்டும்," என்றேன்.

அடுத்த இரண்டு கிழமை பதில் வரவில்லை. முதலாவது நினைவூட்டல் அனுப்பினேன். வரவில்லை. இரண்டாவது நினைவூட்டலில் சுற்றறிக்கையின் பந்தி இலக்கத்தையும் குறிப்பிட்டேன். ஐந்து கிழமை போயிற்று. மூன்று மாதத்தில் ஐந்து கிழமை.

ஒரு காலையில் ரசீனா பாணையும் சம்பலையும் என் முன்னால் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் விசாரணை என்று அர்த்தம்.

"ஒரு கேள்வி. மூச்சு விடுறதுக்கும் அனுமதி கேட்டுத்தான் கடிதம் போட்டீங்களா?"

"மண்டபத்துக்கு."

"மண்டபத்துக்குள்ள இருக்கிற காத்துதான் வேணுமா? வெளிய இருக்கிறது சரிவராதா?"

என்னிடம் இணைப்புகளோடு கூடிய பதில் இருந்தது. சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடற்கரையில், காசிம் நானாவுடைய பழைய மீன்வாடிக் குடிசைக்குப் பக்கத்தில், வகுப்புத் தொடங்கியது.

ஒரு பழைய படகு

ரசீனாவுக்கு என் மூச்சோடு பழைய தகராறு உண்டு.

மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு நாங்கள் புறப்பட்ட அந்த வருடம், கற்பிட்டிப் பக்கம் வந்த படகில் ஆட்கள் அளவுக்கு மேல். தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. மடியில் மகள் பர்ஹானா, ஒரு சூட்கேசு, அதற்குள் உடுப்பைவிட என் நியமனக் கடிதங்கள்தான் அதிகம். நான் அசையாமல் இருந்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு ரசீனா என் காதுக்குள் சொன்னாள்:

"மூச்சை விடுங்க. நீங்க பிடிச்சு வெச்சிருந்தா படகு பாரம் குறையாது."

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. அவர் சிரித்தார். பிறகு அவருடைய மனைவி சிரித்தாள். அந்தப் படகில் யாரும் சிரிப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. கையொப்பம் வைக்கும்போது மூச்சைப் பிடிப்பேன். கோப்பை மூடியபிறகுதான் விடுவேன். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பு வந்த காலமும் இருந்தது.

சங்குக்காரரின் பிழை

மணலில் உட்கார்ந்திருந்த டொக்டருக்குக் காசிம் நானா விளக்கம் கொடுத்தார். அவருக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்பதே விளங்கவில்லை.

"மகள், தலை கீழ போனா மூச்சை மூடணும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்க கீழ போகக்குள்ள விடச் சொல்றீங்க. விட்டா என்ன ஆகும்? தண்ணி ஏறும்."

"இங்க தண்ணி இல்ல மாமா."

"இல்லதான். தலைக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியாதே."

மற்ற இரண்டு சங்குக்காரரும் அதே கதைதான். கையைத் தூக்கச் சொன்னால் அழகாக உள்ளே இழுப்பார்கள். குனிந்த கணத்தில் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். டொக்டர் எண்ண எண்ண, யார் அதிக நேரம் கீழே இருப்பது என்று அங்கே ஒரு போட்டியும் தொடங்கிவிடும். அவர் எண்ணுவதை நிறுத்திப் பார்த்தார். அவர்கள் தாங்களாகவே மனதுக்குள் எண்ணினார்கள்.

என் பிழை வேறு. நான் குனியும்போது உள்ளே இழுத்து, நிமிரும்போது மறந்துபோய், இடையில் ஒரு தடவைகூட மூச்சை விடாமல் அடுத்த அசைவுக்குப் போய்விடுவேன். டொக்டர் என்னைத் திருத்தும்போது நான் தலையாட்டுவேன். தலையாட்டும்போதும் மூச்சைப் பிடிப்பேன்.

கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் ரசீனாவும் அயலில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். எங்களைப் பார்க்க வந்தவர்கள். மூன்றாம் நாளே அவர்கள் இருந்த இடத்தில் இருந்துகொண்டு கையைத் தூக்கி இறக்கப் பழகிவிட்டார்கள். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. ஒரு பிழை இல்லை.

"கஷ்டமா இருக்கா?" என்று ரசீனா அங்கிருந்து கேட்பாள்.

ஒரு கிழமை முடிந்தபோது டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். "ஏஓ மாமா, இப்பிடியே போனா நல்லதில்ல. மூச்சைப் பிடிச்சுக் குனிஞ்சா பிரஷர் ஏறும். யாருக்காவது ஏதாவது ஆகலாம். நிப்பாட்டுவமா என்று யோசிக்கிறன்."

நிருவாக உத்தியோகத்தர் என்ற பதவியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஊர் எனக்கு வைத்த பெயர் ஏஓ. அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை என்னிடம் கெஞ்சுவதுபோல் கேட்டபோது, எனக்குள் கிடந்த நாட்காட்டி தானாகவே கணக்குப் போட்டது. ஆறு கிழமைதான் மிச்சம்.

கரைவலை

அன்று கொஞ்சம் தள்ளி ஒரு கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தார்கள். ஒருவர் கூப்பிட, மற்றவர்கள் ஏற்று ஒரே குரலாக முடித்தார்கள். முடிக்கும் இடத்தில் கயிறு ஒரு முழம் கரைக்கு வந்தது.

டொக்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"காசிம் மாமா, அவங்க எப்ப மூச்சு விடுறாங்க?"

"இழுக்கக்குள்ள."

"எப்பவும்?"

"வேற எப்ப? மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இழுத்தா வலை வராது, குடல்தான் வரும்." பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "கூப்பாடு போடுறதே அதுக்குத்தானே. கூப்பிடுறவனுக்கு மூச்சைப் பிடிக்க ஏலாது."

சொல்லி முடித்தபோது அவருடைய முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்ட மனிதரின் முகம்.

டொக்டர் வாடியிலிருந்து ஒரு பழைய கயிற்றை எடுத்துவரச் செய்தார். எங்களை வரிசையாக நிறுத்தி, அதை ஒரு தென்னையில் எங்கள் கழுத்தளவு உயரத்தில் கட்டி, நுனியைக் கையில் கொடுத்தார். கையை நீட்டும்போது உள்ளே. இழுத்துக் குனியும்போது சத்தமாக வெளியே.

"ஓ… ஏலா!"

காசிம் நானா தொடங்கினார். மற்றவர்கள் ஏற்றார்கள். குனிந்தார்கள். தலை கீழே போயிற்று, சத்தம் நிற்கவில்லை. மூன்று சங்குக்காரரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சு விட்டார்கள். நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணி ஏறல்ல," என்றார் ஒருவர்.

மூன்றாம் நாள் கயிறு தேவைப்படவில்லை. ஒன்றுமில்லாத கயிற்றை ஒன்பது பேர் இழுத்தோம். வீதியால் போன மீன் வியாபாரி ஒருவர் சத்தத்தைக் கேட்டு, சைக்கிளைத் தென்னையில் சாத்திவிட்டுப் பெட்டியோடு இறங்கி வந்தார்.

"வலை எங்க?"

"வலை இல்லை," என்றார் காசிம் நானா.

"அப்ப என்னத்த இழுக்கிறீங்க?"

"மூச்சை."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த நாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பத்தாவது ஆளாக நின்றார்.

என் கூப்பாடு

எல்லாருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. காரணம் வெட்கம். அலுவலகத்தில் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. குரல் உயர்த்தாமலேயே ஆட்களை நடுங்க வைக்க முடியும் என்பது என் பெருமையாக இருந்தது. "ஏலா" என்று கத்த வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும், அதுவும் பாதியில் நிற்கும்.

"ஏஓ தம்பி, உங்களுக்கு வாய்க்கு வாறதச் சொல்லுங்க," என்றார் காசிம் நானா. "ஏலாதான் வேணும் என்டு இல்லை."

வரிசையில் ஒருவர் இறைவன் பெயரைச் சொல்லி திக்ரு செய்யலாமே என்றார். காசிம் நானா மறுத்துவிட்டார். "அதுக்கு வேற இடம் இருக்கு. இங்க ஆள் சிரிப்பான், குசு விடுவான். அதை இதுக்குள்ள கொண்டு வராதீங்க."

எனக்கு வாய்க்கு வருவது என்ன? கையை நீட்டினேன், உள்ளே இழுத்தேன், குனிந்தேன். முப்பது வருடத்தின் பழக்கம் தானாகவே புறப்பட்டது.

"மேற்படி விடயம் தொடர்பாக…"

சரியாக ஒரு குனிவின் நீளம். கடைசி எழுத்தில் விரல் மணலைத் தொட்டது. நெஞ்சு காலியாக இருந்தது. நிமிர்ந்தபோது காற்று யாருடைய உத்தரவும் இல்லாமல் உள்ளே வந்தது. அப்படி ஒரு காற்றை நான் அதற்குமுன் உள்ளே எடுத்ததாக நினைவில்லை. கடல் மணம், காயவைத்த கருவாட்டு மணம், ஈரமான தேங்காய் மட்டை மணம் எல்லாம் ஒன்றாக வந்தன.

"இன்னொருக்கா," என்றார் டொக்டர்.

"மேற்படி விடயம் தொடர்பாக…"

இப்போது மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தின் வாசல்படியை மிதிக்காத சங்குக்காரர் மூவர், ஒரு மீன் வியாபாரி, நான்கு வலைக்காரர், ஒரு வெங்காயத் தோட்டக்காரர், எல்லாரும் ஒரே குரலில் அரச கடிதத்தின் முதல் வரியைச் சொல்லிக் குனிந்தார்கள். தோணியின் மேல் இருந்த ரசீனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். டொக்டருக்கு அதன் பொருளை விளக்கிச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் அன்று எண்ணவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தார்.

காசிம் நானாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "இது முதல் வரி என்டா, அடுத்த வரி என்ன?"

"பெரும்பாலும் ஒன்றும் இருக்காது," என்றேன்.

நடையோடை

மூன்று மாதம் முடியும் நாளில் வைத்தியசாலைக்குப் போனோம். அதே நடையோடை. பெரிய டொக்டர் பக்கத்தில் வந்தார்; ரசீனா சுவரோரம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே. டொக்டர் சந்தமாலி கடைசிக் கிழமையில் நடைக்கென்று பழக்கிய முறை. பெரிய டொக்டர் கேள்வி கேட்டார். நான் வெளியே விடும் மூச்சில் பதில் சொன்னேன். கடைசிக் கதவைத் தொட்டேன். திரும்பினேன். பாதி வழியில் நெஞ்சு பழையபடி இறுகப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்காமல் விட்டேன், இன்னும் கொஞ்சம் விட்டேன், எடுத்தேன்.

நடை முடிந்த இடத்தில் பெரிய டொக்டர் பேனையைத் திறந்தார்.

அவர் ஒப்பம் வைக்கும்போது மூச்சைப் பிடித்தார். கவனித்தேன். சொல்லவில்லை, தாள் அவரிடம் இருந்தது.

ரசீனா அந்தத் தாளை என்னிடம் தரவில்லை. பாலாவி தாண்டும்வரை கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாள்.

ஐந்தாவது நடை

மக்காவில் கஃபாவைச் சுற்றும் தவாபை முடித்துவிட்டு ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையில் நடக்கத் தொடங்கினோம். ஏழு நடை. நீளமான பளிங்குத் தரை, இரண்டு பக்கமும் உலகம். சக்கரக் கதிரைகளுக்கென்று தனியே ஒரு பாதை இருந்தது. ரசீனா அதை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

பச்சை விளக்கு எரியும் பகுதியில் ஆண்கள் மெதுவாக ஓட வேண்டும். முதல் நடையில் நான் ஓடவில்லை. இரண்டாவதில் கொஞ்சம். ஐந்தாவதில் ஓடினேன். தைக்காத இஹ்ராம் துணி தோளிலிருந்து நழுவ, அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓடிய யாரோ ஒரு ஆபிரிக்கரின் கால்களோடு கால் சேர்த்து ஓடினேன். இரண்டுக்கு உள்ளே, மூன்றுக்கு வெளியே.

விளக்கு முடியும் இடத்தில் வேகத்தைக் குறைத்தபோது ரசீனா பின்னாலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் காதில் தொலைபேசி.

"பர்ஹானா. கடிதம் வந்திருக்காம்."

"எந்தக் கடிதம்?"

"மண்டபத்துக் கடிதம். பதில்."

ஒன்பது மாதம். இரண்டு நினைவூட்டல். ஒரு பந்தி இலக்கம். என்னுடைய கால்கள் தயங்கின, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"என்னவாம்?"

"மூச்சுப் பயிற்சி விளையாட்டா கலாசாரமா என்று தெளிவா எழுதி, உரிய படிவத்தில திரும்ப விண்ணப்பிக்கட்டாம்." அவள் என்னைப் பார்த்தாள். "நில்லுங்களேன், மகளோட கதைக்கிறீங்களா?"

"பிறகு," என்றேன். அது வெளியே விடும் மூச்சிலேயே அடங்கிவிட்டது. மர்வா முன்னால் தெரிந்தது. நடந்தேன், அவள் தொலைபேசியை உறைக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் நடந்தாள். ஆறாவது முடிந்தது. ஏழாவதும் முடிந்தது. எங்கும் நிற்கவில்லை.

கடிதத்தில் போடப்பட்டிருந்த திகதி அது வீட்டுக்கு வந்த நாளுக்கு இரண்டு மாதம் முந்தியது. கிடைத்த திகதியை மகள், நான் பழக்கியபடியே, உறையின் மேல் எழுதி வைத்திருந்தாள்: துல்கஃதா மாதக் கடைசி வியாழக்கிழமை.